வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள்

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு வயது 46. திருவொற்றியூரில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தவன். லாரிக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் 17 வருடம் 4 மாதமாக வேலை. ஆபரேட்டராகச் சேர்ந்து இப்போது குவாலிட்டியில் ‘ஜூனியர் ஆபீசர்’. மொத்தச் சம்பளம் 38,000. அதில் பேசிக் 12,000. ஆறு மாதமாக ஆர்டர் குறைந்துவிட்டது. மூன்று ஷிஃப்ட் ஓடிய இடத்தில் ஒன்றுதான் ஓடுகிறது. கம்பெனி ரோலில் இருக்கும் 180 பேரில் 22 பேரை எச்.ஆர். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். நாங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மூன்று மாதச் சம்பளமும் கிராஜுட்டியும் சேர்த்து 2,31,000 சொச்சமும், நல்லபடியாக ரிலீவிங் லெட்டரும் தருவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். எங்கள் செக்‌ஷனில் எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேரைக் கூப்பிடவே இல்லை. சங்கம் கிடையாது. அந்தப் பணத்தைப் போட்டு ஒரு கார் எடுத்து ஓட்டு என்கிறார் மச்சான். துபாய்க்கு ஏஜென்ட் இருக்கிறார் என்கிறார் ஒரு நண்பர். மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்:

வெள்ளிக்கிழமை என்பது எச்.ஆர். வைத்த கெடு. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு நாள் இல்லை. அன்றைக்கு நீங்கள் ஷிஃப்டுக்குப் போய், வேலையைப் பார்த்துவிட்டு, எதிலும் கையெழுத்துப் போடாமல் வீடு திரும்பலாம். முதலில் அது மனதில் பதியட்டும்.

கார், துபாய் எல்லாம் அப்புறம் பேசுவோம். உங்கள் அடுத்த ஒரு வருடம் எப்படிப் போகும் என்பதை அவற்றைவிட அதிகமாகத் தீர்மானிக்கப்போவது ஒரு தாள்தான். நீங்களாக விலகினீர்கள் என்று அதில் இருக்கிறதா, கம்பெனி ஆட்குறைப்பு செய்தது என்று இருக்கிறதா? இரண்டுக்கும் பிறகு வேலை இல்லாமல்தான் இருக்கப்போகிறீர்கள். ஆனால் கையில் வரும் பணம் வேறு, பின்னால் கேட்கக்கூடிய உரிமை வேறு.

ஆர்டர் இல்லாத கம்பெனி ஆளைக் குறைப்பது குற்றமில்லை. அதைச் செய்ய முறை இருக்கிறது, அவ்வளவுதான். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. பழைய சட்டத்தில் 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தொழிற்சாலை, ஆட்குறைப்புக்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 300. உங்கள் கம்பெனியில் 180 பேர் என்பதால் அனுமதி தேவையில்லை. தொழிலாளி பக்கம் இருந்த ஒரு பெரிய பிடி தளர்ந்துவிட்டது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன. காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் தர வேண்டும், அல்லது அந்த மாதத்துச் சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும். அதை மீறினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த இரண்டு பேர் விஷயம் இங்கேதான் வருகிறது. அதற்கு மேல், அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளம், புதுத் திறன் கற்பதற்கான நிதி வழியாக, 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். இது புதிதாக வந்தது, உங்கள் எச்.ஆர். இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்.

நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அவர்கள் ராஜினாமா கேட்கிற காரணம் புரிகிறதா?

இனி கணக்கு. சலிப்பாக இருந்தாலும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

அவர்கள் சொன்ன 2,31,000 எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். மூன்று மாதச் சம்பளம் 1,14,000. கிராஜுட்டியை, அதாவது வேலை பார்த்த வருடங்களுக்கான பணிக்கொடையை, 12,000 பேசிக்கில் போட்டால், 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 17 வருடத்தால் பெருக்க, 1,17,692. கூட்டினால் 2,31,692. கணக்கு சரிதான், போட்ட அடித்தளம் தவறு.

முதல் விஷயம், கிராஜுட்டி அவர்கள் தரும் சலுகை இல்லை. ஐந்து வருடம் தாண்டிய யாருக்கும், ராஜினாமா செய்தாலும், அது வந்தே தீர வேண்டிய பணம். அதை ‘பேக்கேஜ்’ என்று சேர்த்துச் சொல்வது உங்கள் பர்ஸில் இருந்து எடுத்து உங்களுக்கே பரிசு கொடுப்பது போல. இரண்டாவது, புதிய சட்டத் தொகுப்புகளில் ‘ஊதியம்’ என்பதற்கு ஒரே வரையறை. வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று ஒதுக்கிவைக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும். பேசிக்கைக் குறைத்துப் படிகளை ஏற்றிவைக்கும் பழைய வித்தைக்கு வந்த மருந்து இது. உங்கள் 38,000-ல் ஊதியம் குறைந்தபட்சம் 19,000. அதில் கிராஜுட்டி போட்டால் 1,86,346.

ஆட்குறைப்பு இழப்பீடு, மாதத்தில் பாதி 9,500 என்று வைத்து 17 வருடத்துக்கு 1,61,500. நோட்டீஸ் மாதம் குறைந்தது 19,000. திறன் நிதி 9,500. எல்லாம் கூட்டினால் 3,76,346. உங்களுக்குச் சொன்னதைவிட ஏறத்தாழ 1,45,000 அதிகம். இதில் விடுப்புச் சம்பளம், போனஸ் பாக்கி எதுவும் சேரவில்லை. இருந்தால் அதுவும் தனி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உங்களுக்கு 17 வருடம் 4 மாதம். ஆறு மாதம் தாண்டினால் அது ஒரு முழு வருடமாகக் கணக்காகும். இன்னும் இரண்டு மாதம் சொச்சம் ரோலில் இருந்தால் 18 வருடம். இரண்டு கணக்கிலும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் கூடும். வெள்ளிக்கிழமை அவசரத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தை இழுத்தால் நஷ்டம் உங்களுக்கு இல்லை.

இப்போது கொஞ்சம் சிக்கலான இடம். அந்த ‘ஜூனியர் ஆபீசர்’ பட்டம்.

ஆட்குறைப்புப் பாதுகாப்பு ‘தொழிலாளி’க்குத்தான். நிர்வாக வேலை பார்ப்பவரும், 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அந்த வரையறைக்கு வெளியே. ‘நீங்கள் ஆபீசர், உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது’ என்று கட்டாயம் சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன ஆபரேட்டருக்குச் சம்பளத்தைப் பெரிதாக ஏற்றாமல் ஒரு பட்டத்தை மட்டும் கொடுப்பது அம்பத்தூரில் இருந்து கும்மிடிப்பூண்டி வரை நடக்கிற சங்கதிதான். வாங்கியவர் வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்பார், பாவம். நீதிமன்றம் பட்டத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நாளின் பெரும்பகுதி இந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்க்கும். நீங்களே வெர்னியரும் கேஜும் பிடித்து அளக்கிறீர்களா? இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் அளவை எழுதிக் கையெழுத்துப் போடுபவர் நீங்களா? உங்களுக்குக் கீழே யாருக்காவது லீவு தர, மெமோ கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் ஆமாம், மூன்றாவதற்கு இல்லை என்றால், கார்டில் என்ன அச்சடித்திருந்தாலும் நீங்கள் தொழிலாளி என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது. இரண்டு ஆபரேட்டர் உங்களிடம் சந்தேகம் கேட்பதாலேயே நீங்கள் மேற்பார்வையாளர் ஆகிவிட மாட்டீர்கள்.

அதனால் கேட் பாஸ் இருக்கும்போதே உங்கள் சொந்தத் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை நியமன உத்தரவு, பதவி மாற்றக் கடிதம், கடைசி ஒரு வருடப் பே ஸ்லிப், ஷிஃப்ட் பட்டியல், லீவு யார் அனுமதித்தார் என்று தெரியும் மெசேஜ். கம்பெனி டிராயிங், கஸ்டமர் ரிப்போர்ட் எதையும் போட்டோ எடுக்காதீர்கள். அதை வைத்தே உங்களை வேறு குற்றச்சாட்டில் வெளியே தள்ளலாம். எந்தத் தேதியில் எந்த வேலை செய்தீர்கள் என்று வீட்டு நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

எச்.ஆரிடம் வாயால் பேசியது பேச்சோடு போகும். அதனால் இப்படி ஒரு மெயில் அனுப்புங்கள், தமிழிலேயே இருக்கட்டும்:

‘இன்ன தேதியில் என்னை அழைத்து, ராஜினாமா கடிதம் தரும்படி கூறினீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. தொடர்ந்து வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். ஆட்குறைப்பு செய்வதாக நிர்வாகம் முடிவெடுத்தால், சட்டப்படியான நோட்டீஸ், பணிமூப்புப் பட்டியல், இழப்பீட்டுக் கணக்கு ஆகியவற்றை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். கோபம் வேண்டாம், 17 வருட விசுவாசம் பற்றிய பத்தியும் வேண்டாம். மெயில் அனுப்ப வழியில்லை என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்குங்கள். அறைக்குள் உட்காரவைத்து மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அன்று மாலையே ‘கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதி அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நம்ப வைப்பது பெரும்பாடு.

மற்ற 21 பேரிடமும் பேசினீர்களா? தனித்தனியாகக் கூப்பிட்டது தற்செயல் இல்லை. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் உங்கள் வடசென்னையில்தான், பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கியது. நூறு வருடம் கழித்து அதே பகுதியில் 180 பேர் வேலை செய்யும் கம்பெனியில் சங்கம் இல்லை என்று எழுதுகிறீர்கள். இந்த வாரத்தில் சங்கம் கட்ட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் 22 பேரும் ஒரே வாசகத்தில் 22 மெயில் அனுப்பலாம். அப்புறம் எச்.ஆர். பேசும் தொனியே மாறும். உங்களில் மாதம் 21,000-க்குள் வாங்கி ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். ஆட்குறைப்பிலோ கம்பெனி மூடுவதாலோ வேலை போனால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதியும், அடுத்த 12 மாதம் கால் பங்கும் வர வழியிருக்கிறது. மருத்துவ வசதியும் உண்டு. குறைந்தபட்ச பங்களிப்புக் காலம் போன்ற நிபந்தனைகளை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். ராஜினாமா செய்தவருக்கு அந்தக் கதவு திறக்காது.

கம்பெனி முரண்டு பிடித்தால் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்; தொழிலாளர் ஆணையரகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. 45 நாளில் அங்கே முடியவில்லை என்றால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதற்கெல்லாம் இரண்டு வருடக் காலவரம்பு உண்டு, ஆறப்போடாதீர்கள். வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று யோசிக்கிறீர்களா? தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பீச் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில், உயர் நீதிமன்றப் பக்கமே, சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. வழக்குப் போட்டு வேலையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் வருடக்கணக்கில் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்டர் இல்லாத கம்பெனிக்குள் திரும்பிப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்? உங்கள் குறி, ஆட்குறைப்பு என்று எழுதிய தாளும் முழுத் தொகையும். 3,76,000-க்குப் பதில் மூன்றரை லட்சத்தில் கௌரவமாக முடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வந்தால், ஆட்குறைப்பு என்று எழுதித் தரும் பட்சத்தில், நானாக இருந்தால் வாங்கிக்கொள்வேன். கணக்கில் இழுபறி இருக்கும்போது பணம் தந்தால் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சம்பள பாக்கி இரண்டு வேலை நாளுக்குள்ளும், கிராஜுட்டி 30 நாளுக்குள்ளும் வர வேண்டும். அனுப்பிய ஒரு வருடத்துக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. முகவரி, போன் நம்பரை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். லாரித் தொழில் ஏறி இறங்குகிற தொழில். 2019-ல் எண்ணூர்ப் பக்கம் வேலையில்லா நாட்கள் அறிவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு ஆர்டர் வரத்தான் செய்தது.

ரிலீவிங் லெட்டர் பயம் வேண்டாம். ஆட்குறைப்பு உத்தரவே உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லாமல் வேலை போனதற்கான சான்று. இந்த வருடம் இன்டர்வியூ எடுக்கப்போகும் யாருக்கும் அது புதிதாக இருக்காது.

சரி, அடுத்து என்ன.

உங்கள் வீட்டுச் செலவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. வாடகை இல்லாத வீடு என்பதால் மாதம் 26,000 என்று வைக்கிறேன். 3,76,000 என்பது பதினான்கு மாதம். 2,31,000 என்பது ஒன்பது மாதம்கூட முழுதாக வராது. இந்தப் பணத்தை முதலாகப் பார்க்காதீர்கள், மாதங்களாகப் பாருங்கள். மச்சான் சொல்கிறபடி கார் முன்பணம் கட்டினால் பதினான்கு மாதமும் ஒரே நாளில் போய், கூடவே ஐந்து வருட இ.எம்.ஐ. வந்து உட்காரும். மச்சானைக் குறை சொல்லவில்லை, அக்கறையில்தான் சொல்கிறார். கார் ஓட்டுவதும் நல்ல தொழில்தான். நிஜமாகவே ஆசை இருந்தால் ஒரு மாதம் ஆக்டிங் டிரைவராகப் போங்கள். மற்றவர் வண்டி, மற்றவர் டீசல். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே ஒரு நாளைக்கு எத்தனை சவாரி முடிகிறது, முதுகு தாங்குகிறதா, கமிஷன் போகக் கையில் என்ன நிற்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறமும் பிடித்திருந்தால் பேசுவோம். சந்தை மந்தமாக இருக்கும்போது வேலை இழந்த எல்லோருக்கும் ஒரே யோசனைதான் தோன்றும், அதனால் ஸ்டாண்டில் வண்டி கூடும், சவாரி கூடாது.

துபாய் ஏஜென்டுக்கு இரண்டே கேள்வி. வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா? சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000-மும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் கேட்கிறாரா? முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் அபிப்பிராயம், உங்கள் கையில் இருக்கும் தொழிலைவிட்டு வெகுதூரம் போகாதீர்கள். பதினேழு வருடம் ஒரு பாகம் சரியா தவறா என்று பார்த்த கண் உங்களுடையது. லாரி கம்பெனி மட்டும்தான் அதை வாங்கும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டைச் சுற்றியே மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரம், ரசாயனம். வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளியில் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும். அங்கெல்லாம் வெல்டிங்கைச் சோதிக்கும் ஆள் வேண்டும். உடைக்காமல், அறுக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் என்.டி.டி. சோதனை – அல்ட்ராசோனிக், மேக்னடிக், டை ஊற்றிப் பார்ப்பது – குவாலிட்டியில் இருந்தவருக்கு அந்நியமான உலகம் இல்லை. இந்தத் துறையினரின் தேசிய அமைப்பான இந்திய என்.டி.டி. சங்கத்தின் தலைமையகமே சென்னையில்தான். இரண்டாம் நிலைச் சான்றிதழுக்கு வகுப்பு மட்டும் போதாது, கூட இருந்து வேலை பார்த்த அனுபவ நேரமும் கேட்பார்கள். ‘பத்து நாளில் லெவல் டூ, வேலை உத்தரவாதம்’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீசை நம்பாதீர்கள். கிட்டப் பார்வைச் சோதனை உண்டு. கண்ணாடி போட்டுத் தேறினால் போதும். 46 வயதில் அந்தக் கண்ணாடியை எப்படியும் போடத்தான் போகிறீர்கள்.

அது சம்பளமாக மாறக் காலம் பிடிக்கும். நடுவில், ஆலைகளில் ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவது, வரும்போது சில வாரத்துக்கு ஃபிட்டர், இன்ஸ்பெக்டர் எடுப்பார்கள். தினக்கூலி, பன்னிரண்டு மணி நேர வேலை, ஆனால் பணமும் வரும், ஆள் பழக்கமும் வரும். உங்கள் தெருவிலேயே அப்படிப் போகிறவர்கள் இருப்பார்கள், கேளுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் விடாதீர்கள். ஒரகடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போவதைவிட கும்மிடிப்பூண்டி ரயில் உங்களுக்கு வசதி. இப்போதைய கம்பெனிக்குச் சப்ளை செய்பவர்கள், ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர் ஆட்கள், முன்பு வேலையை விட்டுப்போன சீனியர்கள் என்று எத்தனை நம்பர் உங்கள் போனில் இருக்கிறது? மந்தமான நேரத்தில் விளம்பரம் பார்த்து ஆள் எடுப்பது குறைவு. தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் நடக்கும். ரோலில் இருக்கும்போதே கூப்பிடுங்கள். சம்பளம் 30,000 என்று வந்தால் ரோஷப்பட வேண்டாம். மூன்று மாதம் சும்மா இருந்தால் போவது அதைவிட அதிகம்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். வேலை இல்லாவிட்டாலும் வட்டி ஏறும். பத்து வருடத்துக்கு மேல் பென்ஷன் திட்டத்தில் இருந்துவிட்டதால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிட்டது. வேலை விட்ட தேதியைக் கம்பெனி உங்கள் பி.எஃப். கணக்கில் ஏற்றியதா என்று மட்டும் பாருங்கள். கம்பெனி மெடிக்கல் பாலிசி கடைசி நாளோடு நின்றுவிடும். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று நிற்பதற்கு முன்பே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மகள் ஃபீஸுக்கு இந்தப் பணத்தை எடுக்காமல் கல்விக் கடன் கேளுங்கள். நான்கு லட்சம் வரை வங்கி பிணை கேட்கக் கூடாது. ஆனால் மனு எழுதும்போது உங்கள் கடைசிப் பே ஸ்லிப் தேவைப்படலாம், எனவே தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இது சட்டக் கேள்வி இல்லை என்றாலும் பதில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள். நகை எது அடகில் இருக்கிறது, சீட்டு எத்தனை மாதம் பாக்கி, பால்காரருக்கும் மளிகைக்கும் எவ்வளவு என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும். நான் போட்ட 26,000 சரியா தவறா என்பதையும் அவர்தான் சொல்ல முடியும். சீட்டு ஏதாவது எடுக்காமல் இருந்தால், அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். மகளிடம் இப்போதைக்கு ஃபீஸ் கட்டப்படும் என்பதை மட்டும் சொன்னால் போதும். மெயில் அனுப்பிய பிறகு கம்பெனியில் இருந்து என்ன பதில் வருகிறதோ, அதன் வாசகத்தை அப்படியே எனக்கு எழுதுங்கள்.